கடுகு போடாத ராகி

"நாங்க தின்னா ஆகும், ரேஷன்ல போட்டா ஆகாதா தம்பி?" என்று, எங்கள் அரசு கொள்முதல் நிலையத்துக்கு ராகி விற்க வந்த அந்த அம்மா கேட்டபோது நான் மாதிரித் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அந்தத் தட்டு கண்ணிலேயே நிற்கிறது. செம்பழுப்பு ராகி, நடுநடுவே கறுப்பாகக் கடுகு.

ஈரப்பதத்தில் குறையில்லை. 12 சதவீதம் வரை எடுக்கலாம், அவருடையது 11-ஐக் கொஞ்சம் தாண்டியிருந்தது. கல்லும் மண்ணும் இல்லை. எங்கள் தர்மபுரிப் பக்கம் பலரும் தார் ரோட்டில் கதிரைப் பரப்பி வண்டி ஏறட்டும் என்று விட்டுவிடுவார்கள், இவர் களத்தில் அடித்துத் தூற்றிக் கொண்டுவந்திருந்தார். இடித்தது ஒரே இடத்தில்தான்: பிற தானியம் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. இரண்டு தடவை எடை போட்டேன், இரண்டு தடவையும் இரண்டுக்குப் பக்கத்தில் நின்றது. "கடுகைப் பிரிச்சு எடுத்துட்டு வாங்கம்மா" என்றேன். கடுகும் ராகியும் ஏறக்குறைய ஒரே அளவு. முறத்தில் புடைத்தாலும் சரி, சல்லடையில் சலித்தாலும் சரி, முழுசாகப் பிரியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தே சொன்னேன். எடுக்க முடியாது என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

ஒன்பது மூட்டை, நான்கரை குவிண்டால். அந்த 2023-24 பருவத்தில் குவிண்டாலுக்கு அரசு தரும் ஆதரவு விலை 3,846 ரூபாய். வியாபாரி கிலோ 30 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டாராம், அப்புறம் கேள்விப்பட்டேன். 3,800 ரூபாய் போல நஷ்டம், வந்துபோன டெம்போ வாடகை தனி.

என் பக்கத்தையும் சொல்கிறேன். நான் பருவத்துக்கு மட்டும் எடுக்கப்படும் பட்டியல் எழுத்தர். நான் எடுத்த மூட்டை கிடங்கில் திரும்பினால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். கடுகு கலந்து அரைத்த மாவில் களி கிண்டினால் கசக்கும், ரேஷன் கடையில் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள். இந்த விதி மட்டும் இல்லையென்றால் மண்டிக் கழிவெல்லாம் விவசாயி பெயரில் வந்து இறங்கும், அதையும் பார்த்திருக்கிறேன். அதனால் விதி தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கடுகு கலப்படம் இல்லையே. அது அவர் விவசாயம் பண்ணுகிற முறை. மானாவாரியில் ஐந்தாறு சால் ராகிக்கு ஒரு சால் அவரை, துவரை, ஓரத்தில் ஆமணக்கு, இடையில் கொஞ்சம் கடுகு. மழை ஏமாற்றினாலும் ஏதாவது ஒன்று வீட்டுக்கு வரும், அவரையும் துவரையும் மண்ணுக்குச் சத்து சேர்க்கும், கடையில் வாங்குவதும் குறையும். கடுகு முந்தி விளைவதால் முதலில் பிடுங்கிவிடுவார்கள், பிந்திய செடிகள் கதிரோடு கதிராகக் களத்துக்கு வந்துவிடும். அவர் கொண்டுவந்த அடங்கலில், அதாவது நிலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் கிராமக் கணக்கில், 'ராகி' என்று ஒரே வார்த்தை. நிலத்தில் இருந்ததோ ஐந்து பயிர்.

2023 மே மாதம் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். இங்கே விளைந்ததை அரசு இங்கேயே வாங்கி இங்கேயே போடுகிறது, மானாவாரிக்காரனுக்கு நிச்சயமான விலை கிடைக்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், பெரும்பாலும்.

அடுத்த பருவம் அவர் மறுபடி வந்தார். பன்னிரண்டு மூட்டை. "இந்தத் தடவை கடுகும் போடலை, அவரையும் போடலை தம்பி. ராகி மட்டுந்தான், நல்லா பார்த்துக்கோங்க" என்று அவரே கையை விட்டு அள்ளிக் காட்டினார். தட்டில் ஒரு கறுப்பு மணி இல்லை. விலை 4,290 ஆகியிருந்தது. மொத்தத்தையும் எடுத்துக்கொண்டேன். போகும்போது எனக்கு நன்றி வேறு சொன்னார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

என்னால்தான் மாற்றினார் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? மகன் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான், அவரை பறிக்க ஆள் இல்லை என்றும் சொன்னார். நான் திருப்பி அனுப்பாவிட்டாலும் விட்டிருப்பாரோ என்னவோ. கையில் காசு கூடியதும் உண்மை, அவர் முகத்தில் அது தெரிந்தது. அதைக் குறை சொல்ல நான் யார்?

பிரேசிலில் பள்ளிச் சாப்பாட்டுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்று 2009-இல் சட்டம் போட்டார்கள். இயற்கை முறையில் விளைந்ததற்கு 30 சதவீதம் வரை கூட்டிக் கொடுக்கவும் வழி உண்டு. அதைப் படித்தபோது, எப்படி விளைந்தது என்று கேட்கிற கொள்முதலும் இருக்கிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. நாங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறோம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், கடுகைப் பிரிக்கிற இயந்திரம் ஒன்று நிலையத்திலேயே இருந்திருந்தால் போதும், ராகி ரேஷனுக்கும் கடுகு அவர் வீட்டுக்கும் போயிருக்கும். மாதிரி எடுக்கிற என்னைப் போன்ற ஆள் கையில் அதெல்லாம் இல்லை என்றுதான் இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் தர ஆய்வுப் பதிவேட்டில் கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. ஊடுபயிர்க் கடுகு, கலப்படம் இல்லை என்று அன்றைக்கு அதில் எழுதியிருக்கலாம். மேலே யாராவது படித்திருப்பார்களா, தெரியாது. நான் எழுதவில்லை. அடுத்த பருவமும் அந்தக் கட்டத்தை வெறுமையாகத்தான் விட்டேன். அப்போது எழுதுவதற்குக் கடுகே இல்லை.