வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்: ஒரே பாடலின் பல உருவங்கள்

பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் இருவர் இசைக்குழுவின் 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பாடலை, பாபி ஆர்லாண்டோ தயாரித்த 1984ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்குவதே சரியான வரிசை என்று கருதுகிறேன். அதில் தாளம் முரட்டுத்தனமாக முன்னே நிற்கிறது. 1985இல் தயாரிப்பாளர் ஸ்டீபன் ஹேக் அதை மீண்டும் பதிவுசெய்தபோது வேகத்தைத் தணித்து, காலடி ஓசையையும் தெரு இரைச்சலையும் முகப்பில் வைத்து, சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் நீண்ட சுரங்களைப் பரவவிட்டார்; குழுவின் பாடகர் நீல் டெனன்ட்டின் பேச்சுப்பாங்கான குரலுக்கு இரவுநேர லண்டனின் தனிமை அப்போதுதான் வாய்த்தது. அந்தப் பதிவே 1986இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது.

ஆண்டி மொரஹனும் எரிக் வாட்சனும் இயக்கிய காணொளியில் நடனமே இல்லை. நீண்ட அங்கி அணிந்த டெனன்ட் லண்டன் தெருக்களில் நடக்க, குழுவின் மற்றொருவரான கிறிஸ் லோ சில அடிகள் பின்னால் மௌனமாகத் தொடர்கிறார். இந்த விலகலே பிற்காலத்தில் அவர்களுடைய அடையாளமாயிற்று.

ரீமிக்ஸ்களில் எனக்கு மிகவும் நெருக்கமானது, 1986இல் வெளியான 'டிஸ்கோ' தொகுப்பில் இடம்பெற்ற ஷெப் பெட்டிபோனின் நீண்ட வடிவம். குரலைத் துண்டாடி, தாளத்தைத் தனியே ஓடவிட்டும், பாடலின் சோகத்தை அவர் சற்றும் கலைத்துவிடவில்லை.