நாளைக்குப் பேசலாம்

பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று விளக்கணைத்த பிறகு அலுவலக அறை வாசலில் வந்து நின்று, வீட்டுக்குப் பேச வேண்டும் என்று கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது, உறைவிடக் கோடை முகாம்களில் வேலை பார்த்தவர்கள் அனைவருக்கும் தெரியும். உட்காரச் சொல்ல வேண்டும்; தண்ணீர் கொடுக்க வேண்டும்; அழுதால் அழவிட வேண்டும்; பேசுவதற்கான நேரம் அடுத்த நாள் மாலையில் இருக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டும்; கைப்பேசியை மட்டும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நானும் அப்படித்தான் செய்தேன். விதிப்படி செய்த ஒரு காரியம், அதுவும் எல்லோர் கணக்கிலும் நல்லபடியாக முடிந்த ஒரு காரியம், ஏன் இன்னமும் உறுத்திக்கொண்டிருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பெண் அழவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மற்றவையெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. முதல் முறையாக வீட்டை விட்டு வந்து தங்கியிருந்தவள். வந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன.

“அக்கா, என் போனை எடுத்துத் தர்றீங்களா? அம்மாகிட்ட ஒரு நிமிஷம் பேசணும்.”

“என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, அப்பா வந்து கூட்டிட்டு வந்துடுவாங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க. எனக்குப் பிடிக்கல.”

எது பிடிக்கவில்லை என்று கேட்டேன். எல்லாமும்தான் என்றாள். அறைத் தோழியோடு சண்டையா, உடம்புக்கு ஏதாவதா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையசைத்தாள். அதன் பிறகு நான் சொன்னது இதுதான்: “நாளைக்குச் சாயங்காலம் பேசலாம்மா. அப்பவும் போகணும்னு தோணுச்சுன்னா நானே நம்பர் போட்டுத் தர்றேன்.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். கோபமே இல்லாமல், ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோல, “நாளைக்குன்னா நான் சொல்ல மாட்டேன், அக்கா” என்றாள். பிறகு எழுந்து அறைக்குப் போய்விட்டாள். அறை எண் எழுதிய உறைகளில் பிள்ளைகளின் கைப்பேசிகளைப் போட்டு வைத்திருந்த இழுப்பறை என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

என் பக்கத்து நியாயங்கள் வலுவானவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வீட்டு ஏக்கத்தைத் தடுப்பது பற்றியும் தணிப்பது பற்றியும் 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கிறிஸ்டோபர் தர்பர், எட்வர்ட் வால்டன் என்ற இருவர் எழுதிய அந்த அறிக்கை, ‘பிடிக்காவிட்டால் வந்து அழைத்துக்கொள்கிறோம்’ என்று பெற்றோர் முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதைக் குறிப்பாகவே எச்சரிக்கிறது. அப்படி ஒரு வாக்கு, ‘நீ சமாளிப்பாய் என்று எங்களுக்கே நம்பிக்கையில்லை’ என்று பிள்ளையிடம் சொல்வதற்குச் சமம் என்பதும், சிறிய சிரமம் வந்த உடனே மனம் அந்த வாக்கைத்தான் எட்டிப் பிடிக்கும் என்பதும் இந்த வேலையில் இருக்கும் யாரும் கண்ணால் காண்பவை. வீட்டை விட்டு வந்திருக்கும் பிள்ளைகளில் அனேகமாக எல்லோருக்கும் ஏதோ ஒரு பொழுதில் ஏக்கம் வரும். பெரும்பாலானவர்களுக்கு அது சில நாள்களில் தணியும். இரவில் கூடும், பகலில் வேலை மும்முரத்தில் குறையும். ஆகவே இரவில் எடுக்கும் முடிவைப் பகலுக்குத் தள்ளிப்போடுவதுதான் இந்த விதியின் சூட்சுமம்.

அந்தச் சூட்சுமத்தை அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் போட்டு உடைத்துவிட்டாள் என்பதுதான் என் சிக்கல். நாளை மாலைக்குள் இந்த உணர்வு தணிந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அவளுக்கும் தெரிந்திருந்தது. தணிந்துபோவதற்கு முன்பே அதைத் தன் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் வந்திருக்கிறாள். தணிந்துவிடுகிற ஓர் உணர்வு, தணிந்துவிடுகிறது என்பதாலேயே பொய்யாகிவிடுமா என்று அன்று எனக்குக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் விடை ஒன்றாகத்தான் இருந்திருக்கும்: ஒரு மாடி முழுக்கப் பிள்ளைகள் தூங்கும் விடுதியில் ஒருத்திக்கு இரவில் கைப்பேசி கிடைத்தால், மறுநாள் இரவு வாசலில் வரிசை நிற்கும்.

ஆனால் அது வீட்டு ஏக்கம்தானா என்ற கேள்வி வேறு. அன்று மாலைப் படிப்பு நேரத்தில் அவளுடைய நோட்டை நான் பார்த்திருந்தேன். எட்டுக்கு எட்டுச் சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைகளில் இருக்கும் இரண்டு கட்டங்களை வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய 62 கட்டங்களையும், ஒவ்வொன்றும் அடுத்தடுத்த இரண்டு கட்டங்களை மூடக்கூடிய 31 டோமினோ வில்லைகளால் நிரப்ப முடியுமா என்பது அன்றைய வகுப்பில் கொடுத்த புதிர். அவள் பக்கம் பக்கமாகப் பலகைகளை வரைந்து, பென்சிலால் வில்லைகளை அடுக்கி, அழித்து, மறுபடி அடுக்கியிருந்தாள். ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் ‘இன்னும் 2’ என்று பொடி எழுத்தில் குறித்திருந்தாள். எப்படி அடுக்கினாலும் சேராத இரண்டு கட்டங்கள் மிஞ்சிக்கொண்டே இருந்தன. வகுப்பிலேயே அவளைவிடச் சின்னவன் ஒருவன் பலகைக்கு நிறம் இருப்பதை நினைவுபடுத்தி விடையைச் சொல்லியிருந்தான்: எதிரெதிர் மூலைகள் இரண்டும் ஒரே நிறம், அவற்றை எடுத்துவிட்டால் ஒரு நிறத்தில் 32 கட்டங்களும் மற்றதில் 30 கட்டங்களும் இருக்கும், எந்த வில்லையும் நிறத்துக்கு ஒன்றாகத்தான் மூட முடியும், ஆகவே நடக்காது. “அதான் முடியாதுன்னு வகுப்பிலேயே சொல்லிட்டாங்களாமே?” என்று கேட்டேன். “தெரியும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பலகைக்குக் கோடு போடத் தொடங்கினாள்.

பள்ளியில் எப்போதும் முதலாவதாக வருகிற பிள்ளை என்று அவளுடைய விண்ணப்பத்தில் இருந்தது. திறமையான பிள்ளைகளுக்கென்று நடத்தும் இத்தகைய முகாம்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1972இல் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கல்லூரி நுழைவுக்கான சாட் கணிதத் தேர்வை எழுதவைத்துத் திறமையைத் தேடியதும், 1979இல் அதே பல்கலைக்கழகத்தில் அதற்கென ஒரு மையம் உருவானதும், அதன் பின் அது போன்ற கோடைத் திட்டங்கள் பல இடங்களில் பரவியதும் இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த வரலாறு. தம் வகுப்பில் பேச ஆளில்லாத பிள்ளைகளை, தம்மைப் போன்றவர்களோடு சில வாரங்களாவது இருக்கவைப்பது அதில் ஒரு பெரிய நோக்கம். பலருக்கு அது வரம்தான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தம்மைப் போன்றவர்கள் நடுவில் இருப்பது என்றால், முதலாவதாக இல்லாமல் இருப்பது என்றும்தானே பொருள்? ஒரே அளவு திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், திறமைசாலிகள் நிறைந்த வகுப்பில் இருப்பவர் தம்மைக் குறைவாக மதிப்பிட்டுக்கொள்வார் என்று கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து எழுதிவந்திருக்கிறார். பெற்றோருக்கு நாங்கள் அனுப்பும் கையேட்டில் வீட்டு ஏக்கத்துக்கு ஒரு முழுப் பக்கம் உண்டு. இதற்கு ஒரு வரியும் கிடையாது.

அன்று இரவு அவளுக்கு வேண்டியிருந்தது அம்மாவின் குரலா, அல்லது ‘இன்னும் 2’ என்று மிஞ்சாத ஓர் இடமா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் நான் சொன்ன பதில் பொருந்தும் என்று சில நாள்களில் நினைக்கிறேன்: முதலாவது சோர்வில் ஓடிப்போன பிள்ளை, பிறகு எந்தக் கடினமான இடத்திலிருந்தும் ஓடத்தான் பழகும். வேறு சில நாள்களில், அவள் ஒரு கேள்வி கேட்டாள், நான் வேறொரு கேள்விக்கு விடை சொன்னேன் என்று படுகிறது.

மறுநாள் மாலை பேசும் நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே உறையைக் கொடுத்தேன். “நல்லா இருக்கேன்மா. ஆமா. சாப்பிட்டேன். இல்ல, பிடிச்சிருக்கு” என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவள் சொன்னபடியே, சொல்லவில்லை. பேச்சு முடிந்ததும் அம்மா என்னிடம் பேச வேண்டும் என்றார். “ரொம்பப் பயந்துகிட்டே இருந்தோம் மேடம். இப்ப குரலைக் கேட்டதும்தான் நிம்மதியா இருக்கு” என்றார். முந்தைய இரவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பிள்ளை சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்த ஒன்றை நான் எப்படிச் சொல்வது என்பது என் வாதம். அந்த முடிவை அவள் எடுக்கும்படி ஒரு நாள் தாமதம் செய்ததே நான்தான் என்பது அதற்கு மறுவாதம். எந்த வாதத்தை எப்போது எடுத்தாலும் அதற்கு எதிரானது கூடவே கிளம்பி வருகிறது.

மிச்ச நாள்கள் வழக்கம்போலக் கழிந்தன. அவளுக்கு இரண்டு தோழிகள் கிடைத்தார்கள். கலைநிகழ்ச்சியில் ஏதோ ஒரு நாடகத்தில் மரமாக நின்றாள். ஆசிரியரின் இறுதி அறிக்கையில் ‘விடாமுயற்சியுள்ள மாணவி’ என்று இருந்தது. கிளம்பும் நாளில் கையெழுத்துப் போட்டுக் கைப்பேசியை வாங்கிக்கொள்ளும்போது, “அன்னைக்கு நீங்க போன் குடுத்திருந்தா நான் போயிருப்பேன், அக்கா” என்றாள். நான் சிரித்தேன். நல்ல வேளை, நீங்கள் கொடுக்கவில்லை என்று நன்றி சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தில் நன்றி என்று ஒரு சொல் இல்லை என்பது அவர்கள் வண்டி கிளம்பிப் போன பிறகுதான் உறைத்தது. குற்றச்சாட்டும் இல்லை. நடந்ததை அப்படியே சொன்னாள், அவ்வளவுதான். அன்று இரவு அலுவலக அறையில் சொன்னதும் அந்தத் தொனியில்தான்.

அடுத்த கோடையில் வேறொரு பிள்ளை அதே வாசலில் வந்து நின்றாள். விம்மி விம்மி அழுதாள், மூச்சு வாங்கியது. நான் இழுப்பறையைத் திறந்து கைப்பேசியைக் கொடுத்துவிட்டேன். காலையில் பெற்றோர் வந்து அழைத்துப் போனார்கள். பொறுப்பாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. உன் மதிப்பீடு அது, சரி என்றார். இந்த விதியை நான் இப்போதும் ஆதரிக்கிறேன், புதியவர்களிடம் வாதாடவும் செய்கிறேன். ஆனால் அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பதாக, கண்ணீர் வைத்திருந்தவளுக்கு விதியைத் தளர்த்தி, காரணத்தைத் தெளிவாகச் சொன்னவளுக்கு விதியைப் படித்துக்காட்டியிருக்கிறேன். இரண்டாமவள் உண்மையிலேயே தாங்க முடியாத நிலையில் இருந்தாள் என்று சொல்லலாம். முதலாமவள் எந்த நிலையில் இருந்தாள் என்பதை நான் கேட்ட கேள்விகளால் கண்டுபிடித்திருக்க முடியாது என்றும் சொல்லலாம்.

புதிதாகச் சேரும் விடுதிப் பொறுப்பாளர்களுக்கான பயிற்சியில் வீட்டு ஏக்கம் பற்றிய பகுதியை இப்போது நான்தான் எடுக்கிறேன். இந்த நிகழ்வைத்தான் உதாரணமாகச் சொல்கிறேன், பெயர் இல்லாமல். மறுநாள் மாலை அவள் அம்மாவிடம் “பிடிச்சிருக்கு” என்று சொன்னதோடு நிறுத்திவிடுகிறேன். விதி எப்படி வேலை செய்கிறது என்பது அதுவரை கேட்டாலே புரிந்துவிடும். கடந்த முறை பின் வரிசையிலிருந்து ஓர் இளைஞர், அந்தப் பெண் மறு வருஷம் திரும்ப வந்தாளா என்று கேட்டார். வரவில்லை, பல பிள்ளைகள் ஒரு முறைதான் வருவார்கள் என்றேன். அது உண்மைதான். அவர் குறித்துக்கொண்டார். நான் அடுத்த பகுதிக்கு, மருந்துகளைப் பதிவேட்டில் ஏற்றும் முறைக்கு, போய்விட்டேன்.