ஃபயர்வாலை அணைக்காமல் டேலியை ஓடவைத்த கதை

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்கு என் வேலை. கம்ப்யூட்டரையும் நானேதான் பார்த்துக்கொள்கிறேன். ரவுட்டரை மாற்றியதிலிருந்து டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் இருக்கும் கம்ப்யூட்டரின் பொது ஃபோல்டர் வேறு எந்த சிஸ்டத்திலும் திறக்கவில்லை. அதில் மாட்டியிருக்கும் பிரிண்டருக்கு கட்டிங் செக்‌ஷனிலிருந்து பிரிண்டும் போகவில்லை. ஷிப்மென்ட் நெருங்கும் நேரம் வேறு. சர்வீஸுக்கு வந்த தம்பி, "ஃபயர்வால ஆஃப் பண்ணீரலாங்கக்கா, எல்லாம் ஓடீரும்" என்றார்.

ஓடும்தான். ஆனால் நெட்வொர்க் வழியாக கம்ப்யூட்டருக்குள் வருவதை வடிகட்டும் காவல்தான் ஃபயர்வால். அதனால் நான் சம்மதிக்கவில்லை. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வைரஸ்) பரவியது, ஃபைல் ஷேரிங்குக்கான 445 என்ற போர்ட் (நெட்வொர்க் வாசல்) வழியாகத்தான். ஒரு சிஸ்டத்தில் புகுந்ததும் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றுக்கும் தாவியது. வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் தடுக்கும். பக்கத்து மேஜையிலிருந்து வருவதைத் தடுக்க எங்களைப் போன்ற சின்ன ஆபீஸில் அந்தந்த கம்ப்யூட்டரின் ஃபயர்வாலை விட்டால் வேறு எதுவும் இல்லை.

முதலில் ஃபயர்வாலின் லாக்கை (பதிவேட்டை) ஆன் செய்தோம். தடுத்ததைப் பதிவு செய்யும் வசதி விண்டோஸில் தானாக ஆன் ஆகியிருக்காது. ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி திரையில் பிராப்பர்ட்டீஸுக்குள் போய், ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் (நெட்வொர்க்கின் வகைக்கு ஏற்ற ஃபயர்வால் செட்டிங்) தனித்தனியாக 'யெஸ்' கொடுக்க வேண்டும். கட்டிங் சிஸ்டத்தில் ஃபோல்டரைத் திறக்கச் சொல்லிவிட்டு லாக்கைப் பார்த்தால், வரிக்கு வரி 'டிராப்' (தடுத்தது), 'டிசிபி' (இணைப்பு முறை), கட்டிங் சிஸ்டத்தின் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்), அதே வரியில் 445. அப்புறம் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ரவுட்டர் மாறியதால் விண்டோஸ் இதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, பொது இடங்களுக்கான 'பப்ளிக்' ப்ரொஃபைலில் போட்டுவிட்டது. எங்கள் ஷேரிங் அனுமதியோ நம்பும் நெட்வொர்க்குக்கான 'பிரைவேட்'டில் இருந்தது. செட்டிங்ஸில் ஈதர்நெட்டைத் திறந்து 'பிரைவேட்' என்று மாற்றினோம். ஃபோல்டரும் திறந்தது, பிரிண்டும் வந்தது.

மூன்றாவதாக 'டொமைன்' என்று ஒன்று உண்டு. எல்லா கம்ப்யூட்டரையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர் வைத்திருக்கும் பெரிய ஆபீஸ்களுக்கு உரியது, நமக்கு வேண்டாம்.

டேலிக்கு இன்னும் ஒரு வேலை இருந்தது. ஒரு புரோகிராம் முதல்முறை நெட்வொர்க்கைக் கேட்கும்போது வரும் பெட்டியில் 'அலவ்' கொடுத்தால், அந்த புரோகிராமுக்கு எல்லா போர்ட்டும், எந்த ஐபியிலிருந்தும் திறந்துவிடும். அதனால் இன்பவுண்ட் ரூல்ஸில் (உள்ளே வருவதற்கான விதிகள்) டேலியின் ரூலைத் திறந்து, பிரைவேட்டுக்கு மட்டும் டிக் வைத்து, 'ஸ்கோப்' பகுதியில் 'லோக்கல் சப்நெட்' (இதே நெட்வொர்க்கில் உள்ள சிஸ்டங்கள் மட்டும்) என்று கொடுத்தோம். ஐபி எண்ணை அடிப்பதைவிட இது நல்லது. நாளைக்கு ரவுட்டர் வேறு எண் வரிசை கொடுத்தாலும் ரூல் கெடாது.

பையர்களிடம் ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசரின் லேப்டாப்புக்கு வேறு கணக்கு. அது கோயம்புத்தூர் ஏர்போர்ட் வைஃபையிலும் இருக்கும், பையர் ஆபீஸிலும் இருக்கும். ஆபீஸிலும் அவர் வீட்டிலும் மட்டும் பிரைவேட், மற்ற எங்கும் பப்ளிக் என்று வைத்தோம். "பப்ளிக்னா மெயில் போகுமுங்களா?" என்று கேட்டார். தாராளமாகப் போகும். நாம் வெளியே கேட்டுப் பெறுவதை ஃபயர்வால் சாதாரணமாகத் தடுப்பதில்லை. கேட்காமல் உள்ளே வர முயல்வதைத்தான் தடுக்கும். ஏர்போர்ட்டில் யாரோ ஒருவரின் லேப்டாப் நம் காஸ்டிங் ஷீட்டைத் தொடாமல் இருக்க இதுதான் வழி.

எம்பிராய்டரி மெஷினோடு இருக்கும் விண்டோஸ் 7 சிஸ்டம்தான் இன்னும் உறுத்துகிறது. அதற்கு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. டிசைன் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடுவதால் தூக்கிப் போடவும் முடியவில்லை. இப்போதைக்கு அதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டோம். டிசைன் ஃபைல், வைரஸ் ஸ்கேன் செய்த பென்டிரைவில் போகிறது. டிரைவர்களும் குவாலிட்டி செக்கிங்குக்கு வருபவர்களும் கேட்டால் புது ரவுட்டரின் கெஸ்ட் வைஃபை பாஸ்வேர்டைத்தான் கொடுக்கிறோம், ஆபீஸ் வைஃபை கிடையாது.