பெரிய கோயில் விமானம்: ரெண்டு பேர் சேர்ந்து மாடல் செய்றவங்களுக்கு

ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் செய்யறீங்களா? 1:150 அளவு எடுத்துக்கோங்க. நிஜ உயரம் சுமார் 66 மீட்டர், அடித்தளம் கிட்டத்தட்ட 30 மீட்டர் சதுரம். மாடல்ல 44 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம். ஆட்டோவில் மடியில் வெச்சே கொண்டுபோயிடலாம்.

அடிப்பகுதி ஒருத்தர், மேல் தளங்கள் இன்னொருத்தர்னு பிரிச்சு அவங்கவங்க வீட்டுல செய்யவே கூடாது. சேர்க்கும்போது பொருந்தாது. ஒருத்தர் பிளாஸ்டிக் ஸ்கேலின் விளிம்பிலிருந்து அளப்பார், மத்தவர் பூஜ்யக் கோட்டிலிருந்து. அங்கேயே சில மில்லிமீட்டர் போயிடும். ஒருத்தரே ஒரே ஸ்டீல் ஸ்கேலில் எல்லாத் துண்டையும் வரைஞ்சு வெட்டட்டும், மத்தவர் ஒட்டட்டும்.

அடிச்சுவருக்கு 5 மி.மீ. சன்போர்டுன்னா (லேசான ஃபோம் பலகை) ரெண்டு எதிர்ப்பக்கம் 20 செ.மீ., மத்த ரெண்டும் 19. தடிமனைக் கழிக்கலைன்னா சதுரம் செவ்வகமாயிடும்.

முக்கியமா, கீழ்ச்சுவர் ரெண்டு அடுக்குக்கு நேரா நிக்கணும். அதுக்கு மேலதான் தளங்கள் குறுகும். அடியிலிருந்தே சாய்ச்சா அது பெரிய கோயில் இல்லை, பிரமிடு.

எட்டுப்பட்டைச் சிகரத்தைத் தெர்மாகோலில் செதுக்கினா ஃபெவிகால் மட்டும் போடுங்க, ஒரு ராத்திரி காயவிடுங்க. ஸ்ப்ரே பெயின்ட் தெர்மாகோலைக் கரைச்சுக் குழியாக்கிடும். போஸ்டர் கலர் போதும்.