4.49ஆ, 4.50ஆ? ஏர் ரைஃபிள் பேரலுக்குப் பெல்லட் பொருத்தும் அனுபவம்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளின் பேரல், அதாவது குழல், 4.5 மி.மீ.; அதனால் 4.5 என்று போட்ட எந்தப் பெல்லட்டும் (ஈயக் குண்டும்) போதும் என்றுதான் புதிதாகச் சேரும் பிள்ளைகளும் பெற்றோரும் நினைக்கிறார்கள். போட்டிக்கான மேட்ச் பெல்லட் டப்பாவின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 4.49, 4.50, 4.51, சிலவற்றில் 4.52 என்றும் இருக்கும். அதுதான் ஹெட் சைஸ், பெல்லட்டின் தலை விட்டம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆனால் பத்தாம் வளையத்தின் விட்டமே 0.5 மி.மீ.தான். ஒரு ஷாட்டுக்கான உச்சப் புள்ளியான 10.9 விழ வேண்டுமென்றால் துளையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 போகும். நன்றாக விட்ட ஷாட் 10.3 என்று திரையில் வரும்போது பிள்ளை தன் கையையே நொந்துகொள்கிறது. கையைக் குறை சொல்வதற்கு முன் பெல்லட்டைச் சோதிக்க வேண்டும்.

பெல்லட் மென்மையான ஈயம். அதன் தலை, பேரலுக்குள் இருக்கும் ரைஃப்ளிங் வரிகளின் மேல் சவாரி செய்கிறது. பின்னால் பாவாடை மாதிரி விரிந்த ஸ்கர்ட் காற்றை அடைக்கிறது. மேட்ச் ரைஃபிளில் பெல்லட்டின் வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான். அந்த மெதுவான காற்று, தளர்ந்த பெல்லட்டை ஊதிப் பெரிதாக்கிப் பேரலோடு பொருத்திவிடாது. தலை சிறியதாக இருந்தால் பெல்லட் லேசாகச் சாய்ந்தபடி வெளியே வரும். பெரியதாக இருந்தால் உராய்வு கூடும், ஷாட்டுக்கு ஷாட் வேகம் மாறும். 170இல் 2 மீட்டர் வேகம் குறைந்தாலே பத்து மீட்டர் தூரத்தில் துளை சுமார் 0.4 மி.மீ. கீழே இறங்கிவிடும். அது சுமார் 0.15 புள்ளிக்குச் சமம்.

வெர்னியர் காலிப்பரை எடுத்துத் தலையை அளக்க வேண்டாம். தாடை பட்டதும் ஈயம் நசுங்கும், வரும் எண்ணை நம்ப முடியாது. சுட்டுப் பார்ப்பதுதான் வழி.

சோதனைக்கு ரைஃபிளை மேஜையில் பொருத்திய வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) பிடிக்கிறோம். ஆக்‌ஷன் பகுதியைத்தான் (பெல்லட் போட்டுச் சுடும் இயக்கப் பகுதி) பிடிக்க வேண்டும், தாடைகளுக்கு நடுவே தோல் வைத்து. காற்றுச் சிலிண்டரைப் பிடிக்கவே கூடாது. பேரல் நுனியைப் பிடித்தாலும் குரூப் (தொடர்ந்து சுட்ட துளைகளின் கூட்டம்) கெடும். மேஜை ஆடக் கூடாது. எங்களுக்குச் சரிப்பட்டது தரையில் போல்ட் போட்ட இரும்பு மேஜை. மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம். சைட் (குறிபார்க்கும் கருவி) தேவையில்லை, துளை அட்டையில் எங்கே விழுகிறது என்பது முக்கியமில்லை, எவ்வளவு நெருங்கி விழுகிறது என்பதே கேள்வி. சிலிண்டர் அழுத்தத்தை 100 பார் (அழுத்த அலகு) அளவுக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

ஒவ்வொரு வகைக்கும் முதல் 20 ஷாட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முந்தைய பெல்லட் விட்டுப்போன ஈயப் படிவு மாறி, புதியது பேரலில் படிய அவ்வளவு ஷாட் வேண்டும். பேரலைச் சுத்தம் செய்த பிறகும் இப்படித்தான். பலர் இந்த 20ஐ மிச்சம் பிடித்துவிட்டு, நல்ல பெல்லட்டைத் தள்ளிவிடுகிறார்கள்.

பிறகு பத்து ஷாட் குரூப், ஒவ்வொரு வகைக்கும் மூன்று. ஐந்து ஷாட் குரூப் ஏமாற்றும். ஐந்து ஷாட்டில் எந்தப் பெல்லட்டும் ஒருமுறை அழகாக விழும். ஒவ்வொரு பெல்லட்டையும் போடுமுன் ஸ்கர்ட்டை வெளிச்சத்தில் பார்க்கிறோம். விளிம்பு துளி நசுங்கியிருந்தாலும் ஒதுக்கிவிடுவோம். லீவரைத் திறந்து மூடும்போது வைஸ் நகரக் கூடாது, ட்ரிகரை விரலால் இழுக்காமல் ட்ரிகர் கார்டோடு சேர்த்துக் கிள்ளுவது போல் அழுத்த வேண்டும்.

அட்டையில் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து 4.5 கழித்தால் மையங்களுக்கு இடையிலான தூரம் கிடைக்கும். 5.3 என்று வந்தால் 0.8 மி.மீ., பேரல் அந்தப் பெல்லட்டை ஏற்றுக்கொண்டது. 6.5 வந்தால் வேறு டப்பாவுக்குப் போக வேண்டும். அளவைவிட வடிவம் அதிகம் சொல்லும். துளை மேலும் கீழுமாக நீண்டிருந்தால் வேகம் மாறுகிறது. காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரையும் ஒருமுறை பார்க்க வேண்டும். சுற்றிலும் சிதறியிருந்தால் தலை பொருந்தவில்லை. ஒன்பது ஒரே துளையில் விழுந்து ஒன்று மட்டும் விலகினால், அதைக் கணக்கிலிருந்து தள்ளாமல் இன்னொரு பத்து சுட வேண்டும். மறுபடியும் விலகினால் அந்த பேட்ச் (ஒரே தயாரிப்புத் தொகுதி) வேண்டாம்.

லேபிளில் உள்ள எண் ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். ஒரு கம்பெனியின் 4.50 பிடித்த பேரலுக்கு இன்னொரு கம்பெனியின் 4.50 பிடிக்காமல் போகலாம். ஒரே கம்பெனி, ஒரே சைஸ், பேட்ச் எண் மட்டும் மாறினாலும் முடிவு மாறும். அண்ணன் ரைஃபிளுக்குப் பொருந்தியது தம்பியுடையதற்குப் பொருந்தும் என்ற உத்தரவாதமும் இல்லை, இரண்டும் ஒரே மாடலாக இருந்தாலும் சரி. அதனால் முதலில் ஒவ்வொரு பேட்சிலும் ஒரு டப்பா மட்டும் வாங்கிச் சோதிப்போம். பொருந்தியதில் அதே பேட்ச் எண்ணுடன் மொத்தமாக வாங்குவோம். நாளுக்கு 100 வீதம் வாரம் ஐந்து நாள் பயிற்சி என்றால் 500 பெல்லட் கொண்ட டப்பா வாரத்துக்கு ஒன்று; அரை ஆண்டுக்கு 26. கடலோர ஊர்களில் ஈரக்காற்றுப் பட்டால் ஈயத்தில் வெள்ளைப் பூச்சு ஏறும். மூடியில் டேப் ஒட்டி, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். கையில் ஈயம் ஒட்டும், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

பழைய பேட்ச் தீரும் முன்பே அதிலிருந்து 100 பெல்லட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறோம். புதிய பேட்சைச் சோதிக்கும் நாளில் பழையதையும் அதே வைஸில் வைத்துச் சுட்டால்தான், குரூப் கெட்டது பெல்லட்டாலா ரைஃபிளாலா என்று தெரியும்.