இரண்டு பேஸ் ஆம்பும் ஒரே பக்கம் தள்ள வேண்டும்

டிரம்ஸ் கொஞ்சம் வேகம் எடுத்தாலே என் பேஸ் கிட்டாரின் ஓசை காணாமல் போய்விடும். கையில் இருப்பவை இரண்டு காம்போ ஆம்புகள் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்): 12 அங்குல ஸ்பீக்கருடன் 100 வாட் ஒன்று, 10 அங்குல ஸ்பீக்கருடன் 40 வாட் ஒன்று. புதிதாக ஒன்று வாங்குவதற்கு முன் இவை இரண்டையும் இணைத்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கருக்குப் போகும் அவுட்புட்டை இன்னொரு ஆம்பின் இன்புட்டில் செருகவே கூடாது. இரண்டு ஆம்புகளின் ஸ்பீக்கர் அவுட்புட்டுகளையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. ஆம்ப் எரிந்துபோகும். இணைப்பு எப்போதும் சின்ன சிக்னல் ஓடும் இடத்தில்தான்.

ஒய் கேபிளில் ஆரம்பித்தேன். கிட்டாரிலிருந்து வருவதை இரண்டாகப் பிரித்து இரண்டு இன்புட்டிலும் கொடுத்தேன். சத்தம் வந்தது, ஆனால் மேல் ஸ்தாயியின் பளிச்சென்ற ஓசை லேசாக மங்கியது. என்னுடையது பாசிவ் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வைப் பேட்டரி இல்லாமலே சிக்னலாக்கும் காந்தச் சுருள். 1 மெகா ஓம் இன்புட்டுகள் இரண்டு சேர்ந்தால் பிக்கப் சந்திப்பது 500 கிலோ ஓம்தான்; மேல் ஓசை மங்கியது அதனால்தான். தவிர, இரண்டு ஆம்பிலும் தனித்தனியாக டோன் திருகிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒரே நாளில் கைவிட்டேன்.

அடுத்து, பெரியதன் எஃபெக்ட்ஸ் சென்ட்டிலிருந்து (ப்ரீஆம்ப் தாண்டிய சிக்னல் வெளியே வரும் ஜாக்) சின்னதன் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னுக்கு (நேரே பவர் பகுதிக்குப் போகும் ஜாக்) ஒரு சாதாரண கிட்டார் கேபிள். இப்போது சின்னதன் ப்ரீஆம்ப், அதாவது டோன் திருகுகள் இருக்கும் முன்பகுதி, வேலையே செய்யாது. பெரியதில் வைக்கும் டோன்தான் இரண்டுக்கும். என் ஆம்புகளில் மாஸ்டர் வால்யூம் இந்த ஜாக்குகளுக்குப் பின்னால் வருவதால் ஒவ்வொன்றின் அளவையும் தனியாக வைக்க முடிந்தது.

அங்கேதான் பெரிய ஏமாற்றம். திறந்த ஈ தந்தியை அடித்தேன். பெரியது மட்டும் ஓடும்போது தரை அதிர்வது பாதத்தில் தெரிந்தது. சின்னதன் மாஸ்டரை ஏற்ற ஏற்ற அந்த அதிர்வு குறைந்துகொண்டே போய், விரல் தந்தியில் படும் ‘டக் டக்’ மட்டும் மிஞ்சியது. ஆம்ப் கூடி, பேஸ் குறைந்துவிட்டது! சின்னதை ஒரு மீட்டர் இப்படி அப்படி நகர்த்தியும் மாற்றமில்லை. ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 8 மீட்டருக்கு மேல்; ஒரு மீட்டர் நகர்த்தல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் ஒரு ஸ்பீக்கரின் கோன் (காற்றைத் தள்ளும் கூம்பு) முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது என்று அர்த்தம்.

ஸ்பீக்கர்களை முன்பக்கத் திருகு கழற்றி வெளியே எடுத்தேன். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும், அதனால் சர்க்யூட் பக்கம் போகவே இல்லை.) வொயர்களை உருவிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பு முனையிலும் ஒரு நொடி தொட்டேன். இரண்டு கோனும் முன்னால்தான் வந்தன. ஆக ஸ்பீக்கரில் குற்றமில்லை, இரண்டு ஆம்பில் ஏதோ ஒன்று சிக்னலைத் தலைகீழாக்குகிறது. சின்ன ஸ்பீக்கரில் மட்டும் வொயர்களை இடம் மாற்றிச் செருகினேன். மறுபடி அதே ஈ. அதிர்வு முழங்கால் வரை ஏறியது. அந்த ஒரு ஸ்வரத்தைப் பத்து நிமிடம் அடித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

மிச்சம் இருந்தது ஹம் என்னும் ரீங்காரம். ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ், கரண்டின் ஹம் 50 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினால் நொடிக்கு ஒருமுறை ஓசை ஏறி இறங்குவது காதில் விழும். இரண்டு ஆம்பின் எர்த்தும் கேபிள் வழியாகவும் சுவர் வழியாகவும் சுற்றிக்கொள்வதால் வருவது இந்த ஹம். ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியதும் பாதி அடங்கியது. இணைப்புக் கேபிளின் நடுவில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி (சிக்னலை விட்டுவிட்டு, கேபிள் வழி எர்த் தொடர்பை மட்டும் துண்டிப்பது) வைத்ததும் முழுக்க நின்றது. எர்த் பின்னை வெட்டிவிடு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆம்பில் ஒரு கோளாறு வந்தால் அந்தக் கரண்ட் வந்து சேரும் இடம் தந்தியில் இருக்கும் உங்கள் விரல்.

போனில் அளந்ததில் பெரியது மட்டும் ஓடுவதைவிட இரண்டும் சேர்ந்து ஓடும்போது 4 டெசிபெல் கூடுதல். இரண்டு மடங்கு சத்தமாகக் காது உணர ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அது பத்து மடங்கு வாட். ஆனாலும் பெரியதன் மேல் சின்னதை ஏற்றி வைத்ததும் 10 அங்குல ஸ்பீக்கர் காது உயரத்துக்கு அருகே வந்துவிட்டது. டிரம்ஸ் முழு வேகத்தில் போகும்போதும் என் விரல் எங்கே விழுகிறது என்று இப்போது கேட்கிறது.

ஈயைப் பலமாக அடித்தால் சின்ன கோன் படபடக்கிறது. அடுத்த வாரம் இணைப்புக் கேபிளின் நடுவில் ஒரு ஈக்யூ பெடல் (வேண்டிய ஹெர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைக்கும் பெட்டி) வைத்து, சின்னதற்கு மட்டும் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துப் பார்க்கப் போகிறேன். பெடலும் சிக்னலைத் தலைகீழாக்கக்கூடும் என்பதால், வைத்தவுடன் முதல் வேலை மறுபடி அதே திறந்த ஈதான்.