புளிக்கிடங்கில் ஐந்து ஆட்டங்கள்

ஜூன் 1, 2025, ஞாயிறு

எங்கள் ஜோடி இன்று எடுத்தது மைனஸ் மூன்று. தாளில் அந்தக் கோட்டை எழுதியபோது கணக்கெழுதும் பையன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

கிருஷ்ணகிரியில் வலை கட்டிய மைதானங்களில் ஆளுக்கொரு விதியில் விளையாடுகிறார்கள். இந்த இடம் வேறு. முன்பு புளிக்கிடங்காக இருந்த தகரக் கொட்டகை. உள்ளே நான்கு பக்கமும் மேலேயும் வலையை விறைப்பாக இழுத்துக் கட்டி, உலகப் போட்டிகளில் ஆடுகிற உள்ளரங்கக் கிரிக்கெட் விதிகளையே வைத்திருக்கிறார்கள். ஆறு அணிகள், அணிக்கு ஐந்து ஆட்டம். கொட்டகையின் மூலைகளில் இன்னும் புளி வாசம் போகவில்லை. என் கையில் மாம்பழ வாசம். இந்த இரண்டு மாதமும் எங்கள் மாங்கூழ் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இனிப்பின் அளவைப் பார்ப்பதுதான் என் வேலை.

அணிக்கு எட்டுப் பேர், பதினாறு ஓவர். எட்டுப் பேரும் தலைக்கு இரண்டு ஓவர் வீசியே தீர வேண்டும். இருவர் இருவராக நான்கு ஜோடி, ஜோடிக்கு நான்கு ஓவர். அவுட் ஆனாலும் வெளியே போக முடியாது. ஐந்து ரன் கழிக்கப்படும், அடுத்த பந்துக்கு மறுபடி நிற்க வேண்டும். நானும் சித்தப்பாவும் 24 பந்தில் 22 ரன் எடுத்தோம், ஐந்து முறை அவுட் ஆனோம். 25 போனது. மொத்தம் 47, எதிரணி வங்கி ஊழியர்கள் 81.

சித்தப்பாவுக்கு 54 வயது. சந்தூர்ப் பக்கம் நான்கு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறார். எட்டாவது ஆளாக ஒருவர் குறைந்தபோது நான்தான் அவரைக் கூப்பிட்டேன். இளவயதில் ஊர் அணிக்கு விக்கெட் காத்தவர். வீட்டுக்கு வரும் வழியில், “அடுத்த ஆட்டத்துக்கு வேறு ஆள் பார்க்கிறாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

கிரானைட் பட்டறைப் பையன்களிடம் 63க்கு 70 என்று தோற்றோம். ஆனாலும் முதல் புள்ளி கிடைத்துவிட்டது. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு ஜோடியின் ஓட்டத்தையும் எதிரணியின் அதே வரிசை ஜோடியோடு ஒப்பிடுவார்கள். அதில் முந்தினால் ஒரு புள்ளி, அதற்கு ‘ஸ்கின்’ என்று பெயர். ஆட்டத்தை வென்றால் மூன்று. ஆக மொத்தம் ஏழு. எங்கள் முதல் ஜோடியான லாரி அண்ணனும் பாயும் 25 எடுத்தார்கள், எதிரணியின் முதல் ஜோடி 21. பாய் பக்க வலையில் பந்தைத் தட்டிவிட்டு ஓடுவதை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பந்து வலையில் பட்டால் கூடுதல் ரன் உண்டு: மட்டையாளருக்கு அருகில் உள்ள பக்க வலைக்கு ஒன்று, வீச்சாளர் முனையில் உள்ள பக்க வலைக்கு இரண்டு, எதிர்ச் சுவரில் உள்ள பின்வலையில் தரை தொட்டுப் பட்டால் நான்கு, தொடாமல் பட்டால் ஆறு. ஆனால் இருவரும் ஓடி ஒரு ரன்னை முடித்தால்தான் அந்தக் கூடுதல் சேரும். அடித்துவிட்டு நின்று ரசிப்பவனுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது.

எங்கள் ஜோடிக்கு நான்கு ரன். அதிலும் ஓர் அவுட் என்னை இரவு முழுக்கத் தூங்கவிடாது. வீச்சாளர் ஓடிவந்தார், கையைச் சுழற்றினார், பந்தை விடவே இல்லை. எதிர்முனையில் சித்தப்பா ஒரு முழம் முன்னே போயிருந்தார். ஸ்டம்பு விழுந்தது, ஐந்து ரன் போனது. நான் மட்டையைத் தரையில் தட்டிக் கத்தினேன். நடுவர் அமைதியாக, “இந்த ஆட்டத்தில் இது சாதாரணம்” என்றார்.

எங்கள் அணியில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர் ஆட்டம் முடிந்ததும் என்னை உட்கார வைத்துப் பேசினார். 1947இல் வினூ மன்கட் ஆஸ்திரேலியாவில் பில் பிரவுனை இப்படி வெளியேற்றியதிலிருந்து தொடங்கி, 2019 ஐபிஎல்லில் நம் அஸ்வின் பட்லரை வெளியேற்றியபோது எழுந்த கூச்சல் வரை சொன்னார். 2022இல் ஐசிசி இதை முறையற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து எடுத்து, ரன் அவுட் பிரிவில் சேர்த்துவிட்டதாம். அது வெளி மைதானத்துக் கதை. வலைக்குள் ஓட வேண்டிய தூரமே குறைவு, அதிலும் ஒரு முழத்தைத் திருடினால் வீச்சாளருக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

சித்தப்பா ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, “கோட்டைத் தாண்டியது என் கால். அந்தப் பையனை ஏன் திட்டினாய்?” என்றார். போய் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

இரவுப் பணி. தேநீர் இடைவேளையில் எங்கள் அணியின் பாலிடெக்னிக் தம்பி தொலைபேசியில் அழைத்தான். சித்தப்பாவுக்குப் பதில் அவனுடைய நண்பனைச் சேர்க்கலாம் என்கிறான். டயர் கடை அண்ணன் தம்பி இருவருக்கும் அதே எண்ணமாம். “அவர் மேல் மரியாதை இருக்கிறது அண்ணா. ஆனால் ஆட்டத்துக்குப் பத்து ரன் போகிறது.”

கணக்கு சரிதான். பொய் என்று நான் சொல்ல முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

பின்வலை கிழிந்துவிட்டதால் இந்த வாரம் ஆட்டம் இல்லை. சந்தூருக்குப் போனேன்.

தோப்பில் பெங்களூரா காய்த்துத் தொங்குகிறது. இவ்வளவு காய்ப்பைப் பார்த்து நாளாகிறது, விலைதான் இல்லை. நேற்று மண்டியில் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்டார்களாம். பறிக்கும் கூலி, டிராக்டர் வாடகை, ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் இரவுகளின் செலவு எல்லாவற்றையும் சித்தப்பா விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்த ஆலைகளில் ஒன்றில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். விலையை நான் நிர்ணயிப்பதில்லை. என்றாலும் அவர் தோப்பில் நிற்கும்போது அந்தச் சமாதானம் எனக்கே போதவில்லை.

அணியைப் பற்றிப் பேச வந்தவன் அதைப் பேசவே இல்லை. அவராகவே, “வா, ஓடிப் பார்க்கலாம்” என்றார். இரண்டு மரங்களுக்கு நடுவே பதினோரு மீட்டர் அளந்து கோடு கிழித்தோம். ‘வா’ என்றால் ஓட வேண்டும், ‘நில்’ என்றால் நிற்க வேண்டும், மூன்றாவது சொல்லே கூடாது. ‘இரு, இரு, சரி வா’ என்று இழுத்ததில்தான் எங்கள் ரன் அவுட்டுகள் பாதிக்கு மேல் போயிருக்கின்றன. ஒரு மணி நேரம் ஓடினோம். சித்தி வந்து, “இரண்டு பேருக்கும் பைத்தியமா?” என்று கேட்டுவிட்டு மோர் கொடுத்தார்.

ஜூன் 22, ஞாயிறு

அறுவடை நடப்பதால் சித்தப்பா வரவில்லை. பாலிடெக்னிக் தம்பியின் நண்பன் ஆடினான். 78க்கு 66, முதல் வெற்றி, மூன்று ஸ்கின், ஆறு புள்ளி. நானும் அவனும் 20 எடுத்தோம். நன்றாகவே ஆடினான்.

பாலிடெக்னிக் தம்பியின் இரண்டு ஓவரைப் பற்றி எழுதாமல் விடக்கூடாது. இடக்கை வீச்சு, காலடியில் விழும் யார்க்கர். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்தில் தொடங்கிய நடராஜன், 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒரே தொடர்பயணத்திலேயே மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். அன்றிலிருந்து எங்கள் பக்கத்து இடக்கைப் பையன்கள் எல்லோரும் காலடியைத்தான் குறிவைக்கிறார்கள். இங்கே தொடர்ந்து மூன்று பந்தில் ரன் வராவிட்டால் மூன்றாவது பந்தில் அவுட் கணக்கு, ஐந்து ரன் போகும். தம்பி இரண்டு யார்க்கரைப் போட்டுவிட்டு மூன்றாவதற்குத் திரும்பி நடக்கும்போது மட்டையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு ஓவரில் மூன்று முறை, மொத்தம் பதினைந்து ரன்னைப் பிடுங்கினான்.

எல்லோரும் பரோட்டா சாப்பிடப் போனோம். இதே அணியோடு தொடரலாம் என்று பேச்சு வந்தது. நான் சொன்னேன்: பத்துப் பேர் ஒளிந்துகொள்ள ஒருவர் ஆடுகிற ஆட்டம் வேண்டுமென்றால் வெளி மைதானத்தில் எவ்வளவோ இருக்கிறது. எல்லோரும் வீச வேண்டும், எல்லோரும் நான்கு ஓவர் நிற்க வேண்டும் என்று ஒரு விதியைப் பார்த்து மயங்கித்தானே இங்கே வந்தோம்? முதலில் பணம் கட்டிய எட்டுப் பேரில் அவரும் ஒருவர். அவரை எடுத்தால் அவருடைய ஜோடியையும் சேர்த்து எடுங்கள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. லாரி அண்ணன், “அடுத்த ஞாயிறு அவர் வருவாரா?” என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

வந்தார். மழையும் வந்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. தோப்பில் ஒரு மணி நேரம் பழகிய ‘வா’வும் ‘நில்’லும் வாயிலிருந்து இரண்டடி கூடப் போகவில்லை. இரண்டு ரன் அவுட், ஒரு கேட்ச், ஜோடிக்கு ஆறு ரன். 58க்கு 61. இரண்டு ஸ்கின்.

தோற்ற மூன்று ரன்னும் எங்கள் கணக்கில்தான். தம்பி ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனான்.

ஜூலை 2, புதன்

சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். “மரத்தின் மேலே நின்று காய் பறிப்பவனும் கீழே சாக்குப் பிடிப்பவனும் கத்திக்கொண்டா இருக்கிறார்கள்? கை போதும்.” விரித்த கை என்றால் ஓட வேண்டும், மூடிய கை என்றால் நிற்க வேண்டும். அடிப்பவர் பந்தைப் பார்க்க வேண்டியிருப்பதால் முடிவு எதிர்முனையில் இருப்பவருடையது. மறுபேச்சு கிடையாது.

ஜூலை 6, ஞாயிறு

கடைசி ஆட்டம். முதலிடத்தில் இருக்கும் அணி. ஆசிரியர் மாணவர்களுக்குச் சொல்வதுபோல எங்களுக்கும் சொன்னார்: 1970களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வேகம் பிடித்த ஆட்டம் இது. முதல் உலகக் கோப்பை 1995இல் பர்மிங்காமில். 2024இல் கொழும்பு வரை வந்துவிட்டது. நம்மை யாரும் அழைக்கப் போவதில்லை, ஆனால் அங்கே ஆடியதும் இதே நான்கு ஓவர்தான். கேட்க நன்றாக இருந்தது.

அவர்கள் 76. எங்கள் மூன்று ஜோடிகள் 24, 16, 14 எடுத்தன. ஆக 54. நாங்கள் உள்ளே போனபோது வெல்ல 23 வேண்டும். அவர்களின் நான்காவது ஜோடி 15.

மூன்று ஓவரில் 18 எடுத்து இரண்டு முறை அவுட். கையில் எட்டு. சைகை வேலை செய்தது. இரண்டு அவுட்டும் மட்டையால் போனவை, ஓட்டத்தால் ஒன்றும் போகவில்லை. கடைசி ஓவர். சித்தப்பா முதல் பந்தை அருகிலிருந்த வலைக்குத் தள்ளினார், என் கை விரிந்தது, இரண்டு. நான் ஒரு ரன் ஓடினேன். மூன்றாவது பந்தைச் சித்தப்பா வீச்சாளரைத் தாண்டிப் பக்க வலைக்கு அடித்தார், மூன்று. நான்காவதில் நான் தவறவிட்டேன். ஐந்தாவதில் அதே பக்க வலைக்கு மூன்று. இப்போது 17. ஒரு பந்து பாக்கி, எதிரில் சித்தப்பா.

வெல்ல ஆறு வேண்டும். தரையைத் தொடாமல் பின்வலைக்கு அடித்து ஓட வேண்டும், வேறு வழி இல்லை. அவுட் ஆனால் 12, எங்கள் ஜோடியின் புள்ளியும் போய்விடும். வலைக்கு வெளியே தம்பியும் டயர் கடைக்காரர்களும் “அடியுங்கள், அடியுங்கள்” என்று கத்தினார்கள். சித்தப்பா யாரையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

ஐந்து வாரமாக அந்தப் பின்வலையை அவர் ஒருமுறைகூட எட்டவில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் கையை மூடிக் காட்டினேன்.

பந்து காலடிக்கு வந்தது. மட்டையைச் சாய்த்து அதைக் காலடியிலேயே செத்து விழ வைத்தார். நாங்கள் இருவரும் அசையவில்லை.

71க்கு 76. இரண்டு ஸ்கின். மொத்தம் பதினொரு புள்ளி, ஐந்தாவது இடம். தம்பி நேராக என்னிடம் வந்தான். “அடித்திருக்கலாம் அண்ணா” என்றான். அடித்திருக்கலாம், கையை மூடியது நான், அவரைக் கேட்காதே என்றேன். அவன் தலையாட்டினான். ஏற்றுக்கொண்டானா என்று தெரியவில்லை. நண்பனை அடுத்த தொடருக்குச் சேர்க்கலாம், ஒன்பதாவது ஆளாக, முறை வைத்து ஆடலாம் என்றேன். அதற்கும் தலையாட்டினான்.

சித்தப்பா ஸ்கோர் படிக்கும் வரை நிற்கவில்லை. டிராக்டர் ஆலை வாசலில் வரிசையில் நின்றது, ஓட்டுநர் தனியாக இருந்தார். பதினொரு மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது.

“நம் ஜோடிக்கு எவ்வளவு?”

“பதினேழு.”

“அவர்களுக்கு?”

“பதினைந்து.”

பின்னால் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. “வரிசை நகர்கிறது, வைக்கிறேன்” என்றார்.